கையால் சாக்ஸ் பின்னுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் நின்று ஏதாவது கேட்பார்கள். சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பின்னலின் இரண்டு அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டும் ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுதியது. தெரியாதவர்கள் குதிகால் பகுதியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்த வேலை?

காசு மிச்சமாகும் என்று நினைத்தால் வேண்டாம். நல்ல சாக்ஸ் நூல் 100 கிராம் வாங்கும் காசுக்குக் கடையில் பல ஜோடி வாங்கிவிடலாம். பெரியவர்களுக்கான ஒரு ஜோடிக்கு 20,000 கண்ணிக்கு (ஊசியில் விழும் நூல் வளையத்துக்கு) மேல் போகும். கை பழகியவருக்கே 15, 20 மணி நேரம்.

எனக்குக் காரணம் குதிகால். கடைச் சாக்ஸ் பெரும்பாலும் 'ஃப்ரீ சைஸ்'. அதில் குதிகால் இருக்க வேண்டிய இடம் சிலருக்குப் பாதத்துக்கு அடியிலும் சிலருக்குக் கணுக்காலுக்கு மேலேயும் போய் நிற்கும். நாம் பின்னும்போது குதிகால் குதிகாலிலேயே உட்காரும். ஒருமுறை போட்டுப் பார்த்தவர் இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை, "எனக்கு ஒரு ஜோடி" என்றுதான் கேட்பார். அதற்கான பதில் கடைசியில் இருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு யார் போடுவார்கள்?

மதுரையில் மே மாதம் யாரும் போட வேண்டாம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், பெங்களூரு மார்கழி ராத்திரி, கனடாவில் இருக்கும் பேத்தி என்று ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்புறம் பித்தவெடிப்பு இருக்கிறதே! ராத்திரி குதிகாலில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவி மேலே பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் சமவெளியிலும் ஏராளம். அதற்கு மட்டும் நேரத்தைக் கொட்டிக் கம்பளியில் பின்னாதீர்கள். எண்ணெய்க் கறை போகாது.

செருப்போடு சாக்ஸ் போட முடியுமா? கட்டைவிரலைத் தனியாகப் பின்ன வருமா?

வரும். இது ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த ஒரு ஜோடி சிவப்புக் கம்பளி சாக்ஸ் இருக்கிறது. கி.பி. 300க்கும் 499க்கும் இடைப்பட்டது. கட்டைவிரலுக்கு ஒரு அறை, மற்ற 4 விரலுக்கும் சேர்த்து ஒரு அறை. வார்ச்செருப்போடு போட்டுக்கொள்ளச் செய்தது. ஏறக்குறைய 1,600 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் செருப்புக்குத் தோதாக சாக்ஸ் செய்து போட்டிருக்கிறார்!

ஆனால் அது இன்றைய 2 ஊசிப் பின்னல் இல்லை. ஒரே ஊசியில், கண்ணிக்குள் கண்ணியாக நூலின் முனையையே இழுத்துச் செய்யும் அதைவிடப் பழைய வேலை. இன்று நாம் பின்னும் முறையில் செய்த பழைய சாக்ஸ்களும் எகிப்தில்தான் கிடைத்திருக்கின்றன. அவை பல நூற்றாண்டு பிந்தியவை. நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் பின்னியவை.

விரல் பிரித்த சாக்ஸுக்கு வழி சுலபம். விரல் தொடங்கும் இடம் வந்ததும் கட்டைவிரல் பக்கத்துக் கண்ணிகளைத் தனி நூலில் கோத்து வைத்துவிட்டு மீதியை முடியுங்கள். பிறகு கோத்தவற்றை ஊசியில் ஏற்றி, இரண்டு அறையும் சேரும் இடத்தில் 3, 4 கண்ணி புதிதாக எடுத்துக் குழாயாகப் பின்ன வேண்டும். முதல் ஜோடியிலேயே இதற்குப் போக வேண்டாம்.

பின்னலே தெரியாது. எங்கே தொடங்குவது?

வீட்டில் இருக்கும் பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டி அம்பு முனைகள் தலைகீழாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல வரிசைகள் தெரியும். உள்பக்கம் திருப்பினால் அலை அலையாக மேடுகள். அந்த முனை நிட், இந்த மேடு பர்ல். ஒரே கண்ணியின் முன்னும் பின்னும்தான். சாக்ஸும் இதே துணி. நூல் தடிமன் வேறு, அவ்வளவுதான்.

திருப்பூரைப் பின்னலாடை நகரம் என்கிறோமே, அங்கே ஓடும் மெஷின்களின் மூதாதையே சாக்ஸ் பின்னத்தான் வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589இல் நீள்காலுறை பின்னும் சட்டத்தைச் செய்தார். எலிசபெத் ராணி காப்புரிமை தரவில்லை. கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிக்கும் என்று ராணி பயந்ததாகச் சொல்வார்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். தடித்த நூலில் ஒரு சதுரம் நிட், ஒரு சதுரம் பர்ல், 2 நிட் 2 பர்ல் என்று மாறி மாறி வரும் ரிப் ஒரு சதுரம். இந்த மூன்றும் வந்துவிட்டால் சாக்ஸுக்குப் போகலாம். ஸ்வெட்டர் பின்னிவிட்டுத்தான் சாக்ஸுக்கு வர வேண்டும் என்று என் பெரியம்மா சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்வெட்டர் பாதியில் நின்றால் 6 மாத உழைப்பு பெட்டியில் தூங்கும். சாக்ஸ் பாதியில் நின்றால் போவது ஒரு வாரம்.

எந்த நூல் வாங்குவது?

100க்கு 75 பங்கு கம்பளி, 25 பங்கு நைலான் கலந்த மெல்லிய நூல். 100 கிராம் உருண்டையில் 400 மீட்டரைத் தாண்டி இருக்கும். ஒரு ஜோடிக்கு அது போதும். ஜெர்மனியின் ரேஜியா, ஓபல் போன்ற நூல்கள் இந்தக் கலவைதான். பின்னப் பின்னக் கோடு தானாக விழும்படி சாயம் போட்ட நூலும் அவற்றில் உண்டு. நைலான் எதற்கு என்றால் தேய்மானத்துக்கு. வெறும் கம்பளியில் பின்னினால் குதிகாலும் பெருவிரல் முனையும் சீக்கிரமே கண்ணாடி போல மெலிந்துவிடும். நைலான் இல்லாத நூல்தான் கையில் இருக்கிறது என்றால் குதிகாலிலும் விரல் முனையிலும் மட்டும் ஒரு மெல்லிய நைலான் இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் 'உல்லன்' என்று தரும் பல உருண்டைகள் உண்மையில் ஆக்ரிலிக். சந்தேகமாக இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். ஆக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். ஆக்ரிலிக் சாக்ஸ் பின்னக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் வியர்வையைக் கம்பளி போல உறிஞ்சாது, ஷூவுக்குள் கால் புழுங்கும். பயிற்சிக்கு அதுவே போதும்.

பருத்தி மட்டும் வேண்டாம் என்பேன். அதற்கு நெகிழ்வு இல்லை. மதியத்துக்குள் மேல்விளிம்பு கணுக்காலில் இறங்கிக் கிடக்கும்.

எந்த ஊசி?

இரண்டு முனையும் கூரான குட்டை ஊசி, 5 கொண்ட செட். 4இல் கண்ணிகள் இருக்கும், 5ஆவதால் பின்ன வேண்டும். அளவு 2.25 அல்லது 2.5 மி.மீ. நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண் புழங்குகிறது. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 13ஆம் எண் 2.25 மி.மீ. அமெரிக்க எண் இதற்கு நேர் எதிர். அங்கே அதே ஊசி 1ஆம் எண். வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்துப் பின்னுபவர்கள் மி.மீ. கணக்கை மட்டும் நம்புங்கள்.

இரண்டு ஊசி முனையை வளையும் கம்பியால் இணைத்த நீண்ட வட்ட ஊசி ஒன்றை வைத்தும் பின்னலாம், கம்பியின் நடுவை வளையமாக வெளியே இழுத்துவிட்டு. பிரயாணத்துக்கு அதுதான் நல்லது. ஒருமுறை நீலகிரி எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் உட்கார்ந்து பின்னும்போது 5ஆவது ஊசி நழுவிக் கீழே போய்விட்டது. கீழ் பெர்த்தில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தா எழுந்து, ஊசியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது காது குடையவா?" என்றார். அன்றிலிருந்து ரயிலில் வட்ட ஊசிதான்.

எத்தனை கண்ணி போட வேண்டும்?

இதை மட்டும் யாரையும் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். முதலில் அதே நூலில் அதே ஊசியில் சின்னத் துண்டு ஒன்று பின்னி 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். எனக்கு 32 வரும். இழுத்துப் பின்னுபவருக்குக் கூடும், தளரப் பின்னுபவருக்குக் குறையும்.

அடுத்து, விரல்களுக்குக் கீழே பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அதில் 10இல் ஒரு பங்கைக் கழியுங்கள். சாக்ஸ் காலைப் பிடித்து நிற்க அந்தக் குறைவு வேண்டும். சுற்றளவு 22 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 20 செ.மீ. செ.மீ.க்கு 3.2 கண்ணி வீதம் 64. ரிப் சரியாக வர 4ஆல் வகுபடும் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதல் சாக்ஸில் இந்தத் துண்டைப் பின்னவில்லை. நேரம் வீண் என்று நினைத்தேன். முடித்துக் காட்டியபோது பெரியம்மா அதற்குள் தன் முழங்கை வரை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, யாருக்கு இது, யானைக்கா?" என்றார்.

மேலிருந்து தொடங்குவதா, விரலிலிருந்தா?

இரண்டும் சரி. விரலிலிருந்து தொடங்கினால் போட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம், நூல் தீரும்வரை காலை உயர்த்தலாம். அதற்குக் கண்ணி போடும் முறைகளில் ஜூடி பெக்கர் என்ற பின்னல்காரர் சொன்னது அருமையானது; தையல் கோடே விழாது. ஆனாலும் நான் மேலிருந்துதான் பின்னுகிறேன், பெரியம்மா அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். கீழே சொல்லும் கணக்கும் மேலிருந்து வருவதுதான்.

64 கண்ணி போட்டு, ஊசிக்கு 16 ஆகப் பிரித்து, முறுக்கு விழாமல் வட்டமாகச் சேருங்கள். 4, 5 செ.மீ. ரிப், பிறகு வெறும் நிட். விளிம்பு முதல் குதிகால் தொடங்கும் இடம் வரை 15 செ.மீ. போல. விளிம்பில் கண்ணி போடும்போது மட்டும் கையைத் தளர விடுங்கள். இறுக்கிப் போட்டால் குதிகால் அதற்குள் நுழையாது.

குதிகால் எப்படி? அங்கேதான் நின்றுவிட்டேன்.

எல்லாரும் நிற்கும் இடம் அது. குழாய் எப்படி ஒரு மூலையில் திரும்பும் என்பதுதான் கேள்வி. இணையத்தில் 20 வகைக் குதிகால் காட்டுவார்கள். ஒன்றைப் பிடித்து 3 ஜோடி பின்னுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். நான் பின்னுவது பழைய மடல் முறை; குதிகாலின் பின்பக்கத்தை மூடும் பட்டைதான் மடல். 64 கண்ணிக்கான கணக்கைத் தருகிறேன்.

முதலில் மடல். பாதி, அதாவது 32 கண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். மீதி 32 ஊசியிலேயே ஓய்வாக இருக்கட்டும். வெளிப்பக்க வரியில் ஒரு கண்ணியைப் பின்னாமல் அப்படியே மறு ஊசிக்கு நழுவவிடு, அடுத்ததை நிட் செய் என்று கடைசி வரை. உள்பக்க வரியில் முதல் கண்ணியை நழுவவிட்டு மற்றதெல்லாம் பர்ல். இப்படி 32 வரி. நழுவவிட்ட கண்ணிகளுக்குப் பின்னால் நூல் ஓடுவதால் துணி இரட்டை மொத்தமாகும். ஷூ உரசும் இடத்தில் அந்த மொத்தம்தான் காப்பாற்றும். ஓரங்களில் 16, 16 சங்கிலிக் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது திருப்பம். வெளிப்பக்கத்தில் 1 நழுவவிட்டு 16 நிட். அடுத்த 2 கண்ணியை ஒவ்வொன்றாக நழுவவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே நிட். இன்னும் 1 நிட். இப்போது வரி முடியாமல் 12 கண்ணி மிஞ்சி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாமல் அப்படியே திருப்புங்கள். உள்பக்கம்: 1 நழுவவிட்டு 3 பர்ல், 2ஐச் சேர்த்து ஒரு பர்ல், இன்னும் 1 பர்ல். திருப்புங்கள். இந்தப் பக்கமும் 12 மிஞ்சும்.

இனி எண்ணவே வேண்டாம். திரும்பிய இடங்களில் ஊசியில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியை நழுவவிட்டு, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னி, இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டையும் சேர்த்து, இன்னும் ஒன்று பின்னித் திருப்ப வேண்டும். ஓரக் கண்ணிகள் தீரும்போது ஊசியில் 18 இருக்கும். தட்டையாக இருந்த துணி இந்த இடத்தில் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். எத்தனை ஜோடி பின்னியும் இதைப் பார்க்கும்போது எனக்கு அலுக்கவில்லை. குழியில் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள், குழந்தையின் குதிகால் போலவே இருக்கும்.

பிறகு அந்த 18ஐ நிட் செய்து, மடலின் ஓரத்தில் 16 கண்ணி புதிதாக எடுத்து, ஓய்விலிருந்த 32ஐப் பின்னி, மறு ஓரத்தில் 16. மொத்தம் 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, பாதத்தின் மேல்பகுதிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணியாகக் குறைத்தால் 9 முறையில் மறுபடி 64 வந்துவிடும். அந்தக் குறைப்பு சாய்வாக ஓடி ஒரு முக்கோணம் விழும். புறங்கால் உயரமானவர்களுக்கு அது இல்லாவிட்டால் இறுக்கும்.

குதிகால் ஓரத்தில் ஓட்டை விழுகிறதே?

மடலும் மேல்பகுதியும் சேரும் மூலையில் 16க்குப் பதில் 17 எடுத்து, அடுத்த சுற்றில் அந்த ஒன்றைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துவிடுங்கள். அப்படியும் தெரிந்தால் கடைசியில் உள்பக்கம் ஊசி நூலால் இரண்டு இழுப்பு.

ஊசி மாறும் இடத்தில் ஏணி மாதிரி கோடு?

முதல் கண்ணியை இறுக்காதீர்கள், இரண்டாவதை இறுக்குங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், செய்து பாருங்கள்.

விரல் முனையை எப்படி மூடுவது?

பாத நீளத்துக்கு 5 செ.மீ. குறைவாக இருக்கும்போது தொடங்குங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டாக 4 கண்ணி குறைத்து 32 வரை; பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16 வரை. மேலே 8, கீழே 8. அதைத் தைத்தது தெரியாமல் இணைக்கும் தையலுக்குக் கிட்சனர் என்று பெயர். இந்தியாவில் 1902 முதல் 1909 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து, முதல் உலகப்போரில் பிரிட்டனின் போர் அமைச்சரான அதே கிட்சனர்தான். பதுங்குகுழிச் சேற்றில் நனைந்தே கிடந்து சிப்பாய்களின் கால்கள் அழுகின. உலர்ந்த சாக்ஸ் மாற்றுவது உயிர் பிரச்சினை. அதனால் ஊரெங்கும் பெண்கள் சாக்ஸ் பின்னி அனுப்பினார்கள். விரலில் தையல் மேடு உறுத்தாத முனையை அவர்தான் யோசித்துச் சொன்னார் என்று கதை. அவர் ஊசியைத் தொட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

முறை இது. முன் ஊசியில் முதல் கண்ணியை நிட் போலக் கோத்துக் கழற்று, அடுத்ததைப் பர்ல் போலக் கோத்து வை. பின் ஊசியில் முதலாவதைப் பர்ல் போலக் கோத்துக் கழற்று, அடுத்ததை நிட் போலக் கோத்து வை. முன்னே "நிட் கழற்று, பர்ல் வை", பின்னே "பர்ல் கழற்று, நிட் வை". வாய்ப்பாடு மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அந்த 5 நிமிஷம் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் எங்கே விட்டோம் என்று தெரியாது.

மெட்டி போட்டிருக்கிறேன். நூல் மாட்டுமா?

மாட்டும். முத்து, பூ வைத்த மெட்டி என்றால் உள்பக்க மேடுகளில் கொக்கி போலப் பிடிக்கும். வழவழப்பான கம்பி மெட்டி தொந்தரவு தராது. முனையில் வண்ண வேலைப்பாடு மட்டும் வேண்டாம், உள்பக்கம் தொங்கும் நூல்களில் மெட்டி கட்டாயம் சிக்கும்.

ஒன்றை முடித்துவிட்டேன், இரண்டாவது நகரவே மாட்டேன் என்கிறது.

எல்லாருக்கும் உள்ள வியாதி. முதலாவதை முடித்த அதே இரவில், படுக்கப் போகும் முன் இரண்டாவதுக்குக் கண்ணி போட்டு ரிப் 4 வரியாவது பின்னிவிடுங்கள். அப்புறம், முதலாவதின் வரிகளைக் காகிதத்தில் குறித்து வையுங்கள். நினைவில் இருக்கும் என்று விட்ட ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது, ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம்.

ஆண்கள் பின்னலாமா?

தாராளமாக. பெருவில் டிட்டிகாக்கா ஏரியின் தக்கீலே தீவில் பின்னுவது ஆண்கள்தான்.

எப்படித் துவைப்பது?

கம்பளி இழையின் மேல் மீன் செதில் போலச் செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அலசலும் சேர்ந்தால் செதிலும் செதிலும் பூட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கம்பளம் ஆகிவிடும். சூப்பர்வாஷ் என்று எழுதிய நூலில் அந்தச் செதிலை மருந்து போட்டு மழுக்கி மேலே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். மெஷினில் மிதமான சூட்டில் போடலாம். மற்றதெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஷாம்பு கொஞ்சம் விட்டு ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில்.

அத்தையின் 60ஆவது பிறந்தநாளுக்குச் சூப்பர்வாஷ் இல்லாத நூலில் ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தேன். அத்தை அதைப் போர்வைகளோடு வெந்நீரில் மெஷினில் போட்டுவிட்டார். கிருஷ்ண ஜயந்திக்கு வாசலில் போடும் பாதம் இருக்கிறதே, அந்த அளவில் வெளியே வந்தது. அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை, நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது பரிசாகக் கொடுக்கும் ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வைக்கிறேன்.

ஓட்டை விழுந்தால் தூக்கிப் போடுவதா?

ஐயோ, வேண்டாம். பழைய பல்போ உருண்டையான எலுமிச்சம்பழமோ உள்ளே வைத்து ஓட்டையை விரித்துப் பிடித்து, அதே நூலால் நெடுக்கே இழைகள் ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்று மேல் ஒன்று கீழ் என்று பாய் முடைவது போல முடையுங்கள். ஓட்டையைத் தாண்டி நல்ல துணியிலும் ஒரு செ.மீ. எல்லாப் பக்கமும் ஓட்ட வேண்டும். ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், வெளிச்சத்தில் பிடித்தால் குதிகால் வழியே விரல் தெரிகிறது என்ற நிலையிலேயே செய்தால் வேலை பாதி. ஒவ்வொரு ஜோடியிலும் மிஞ்சிய நூலில் 5 மீட்டர் இதற்கென்று எடுத்து வையுங்கள்.

எனக்கு ஒரு ஜோடி பின்னித் தருவீர்களா?

வெள்ளைத் தாளில் வெறுங்காலை வைத்து நின்றுகொண்டு பென்சிலால் சுற்றிவர வரைந்து, பாதத்தின் சுற்றளவை டேப்பில் அளந்து அதே தாளில் எழுதி அனுப்புங்கள். இரண்டு காலுக்கும். உட்கார்ந்து வரையாதீர்கள், நிற்கும்போது பாதம் நீளும். வரிசையில் ஏற்கெனவே 4 பேர் இருக்கிறார்கள்.